மறுமொழி: 'வேலை விடுதலை' வேண்டாம், 'போய்வரல்' போதும்

சாட்ஸ்வொர்த் ஐயாவுக்கு வணக்கம்.

சிறையிலிருக்கும் கைதி வெளியே வேலைக்குப் போய்த் திரும்ப அனுமதிக்கும் ஏற்பாட்டுக்கு (ஆங்கிலத்தில் work release) நம் சொற்பட்டியலில் நீங்கள் முன்வைத்த 'வேலை விடுதலை' எனக்கு ஒப்பவில்லை. வீட்டில் வாசித்துக் காட்டினேன், "யாருக்கு வேலை போயிற்று?" என்று கேட்டார் மாமியார். 'விடுதலை' என்றாலே வழக்கிலிருந்து தப்பித்தவர் என்றுதான் நம்மவர் காதில் விழும். இந்த ஆளோ இன்னும் கைதிதான்.

இந்த ஏற்பாட்டுக்கான ஹூபர் சட்டம் 1913இல் பிறந்த அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினையே பாருங்கள். கண்காணிப்போடு நன்னடத்தைக் காலத்தில் (probation) விடப்பட்டவருக்கும் நீதிமன்றம் நிபந்தனையாக ஓராண்டு வரை உள்ளூர்ச் சிறை விதிக்கலாம். ஹூபர் அனுமதி கிடைத்தவர் பட்டறைக்கோ கடைக்கோ போவார். வேலை முடிந்ததும் சிறைக்குத் திரும்பிவிட வேண்டும். சம்பளத்திலிருந்து சிறைச் சாப்பாட்டுச் செலவையும் குடும்பத்துக்குச் சேர வேண்டியதையும் பிடித்துக்கொள்ளலாம். திரும்புவதுதான் இதன் உயிர். பெயரில் அது தெரிய வேண்டாமா?

பீனிக்ஸ் அக்கா இதற்கே சொன்ன 'பணிவிடுப்பு' அழகுதான், பொருள் தலைகீழ். பணிவிடுப்பு எடுத்தவர் வீட்டில் படுத்திருப்பார். 'பணிச்செலவு' என்று பழந்தமிழைத் துணைக்கு அழைத்த தம்பிக்கு: செலவு என்றால் பயணம், உண்மையே, ஆனால் கணக்கர் ரசீது கேட்பார்.

'வெளிச்சீட்டு' மட்டும் வேண்டவே வேண்டாம். 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர், தோட்டத்தைவிட்டு வெளியே போக முதலாளியிடம் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. சீட்டில்லாமல் அகப்பட்டால் அடைத்துவிடுவார்கள். அந்தச் சொல்லை என் கை எழுதாது.

வாசலில் நின்று 'போகிறேன்' என்றால் பாட்டி அதட்டுவாள், 'போய்வருகிறேன்' என்று சொல்ல வைப்பாள். அந்த 'வருகிறேன்'தான் நமக்கு வேண்டும். ஆகவே 'போய்வரல் அனுமதி' என்கிறேன். 'பணி'யை மறந்து விடவில்லை: ஹூபர் அனுமதி படிப்புக்கும் மருத்துவத்துக்கும்கூட உண்டு. வேலைக்கு மட்டும் என்றால் 'பணிப் போய்வரல்'.

ஒன்றைக் கவனியுங்கள். 'போய்வரல் சிறை' என்று சுருக்கினால் பொருள் புரண்டுவிடும். நம் தென்னாப்பிரிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், 100 முதல் 2,000 மணி நேரம் வரை தவணை தவணையாகக் கழிக்கும் சிறைத்தண்டனை ஒன்று இருக்கிறது. அதில் ஆள் வீட்டிலிருந்து சிறைக்குப் போய்வருகிறார்! அதற்கு 'தவணைச் சிறை' என்று தனிப்பெயர் வைத்துவிடலாம்.

பட்டியலின் மூன்றாம் வரியில் probation என்பதற்குத் 'தகுதிகாண் பருவம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது புதிதாக வேலைக்குச் சேர்ந்த எழுத்தருக்கு உரியது. வேலையைப் பற்றிய இதே பத்தியில் அது வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். 'நன்னடத்தைக் காலம்' என்று மாற்றிவிடுங்கள், ஐயா.