கழற்றி வைத்த பற்றரி: பத்து வாரத்தில் நான் கற்றுக்கொண்டது

உப்புவெளியில் இருந்துகொண்டு வான் வைத்திருப்பவர்களுக்குத் துருவைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் நிலாவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளின் வரவு குறைந்து ஓட்டம் இல்லாமற் போனபோது, அந்த இடைவெளியிலாவது எங்கள் டொல்பின் வானின் உக்கிய அடித்தகட்டை வெட்டி ஒட்டிப் பெயின்ற் அடித்துவிடலாம் என்று முடிவுசெய்தேன். மாரி மழைக்கு முன் முடிய வேண்டிய வேலை என்பதால், கச்சான் காற்று வீசும் ஆனி மாதத்திலேயே வானைக் கராஜில் விட்டோம்.

வெல்டிங் தொடங்கும் முன் பற்றரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகும்படி கராஜ் பாஸ் சொன்னார். வெல்டிங் மின்னோட்டம் வயர் வழியே ஏறி ஓல்டனேற்றரின் டயோட்டுகளைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால் அவர் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் எந்த வயரை முதலில் கழற்றுவது என்று நான் கேட்கவில்லை. சிவப்பு மூடி போட்ட பிளஸ் முனையில் ஸ்பானரை மாட்டித் திருப்பினேன். அரைச் சுற்றுக்கூட முடியவில்லை. ஸ்பானரின் மறுநுனி பற்றரியைப் பிடித்திருந்த இரும்புச் சட்டத்தில் தட்டியது. படீரென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, கருகிய இரும்பின் மணம். கையை உதறிவிட்டுப் பார்த்தபோது ஸ்பானரின் விளிம்பில் மிளகளவு உருகிய குழி இருந்தது. அன்று விரலில் மோதிரம் கிடந்தது. அந்த மோதிரம் இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டிருந்தால் விரல் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

வாகனத்தின் பொடி, அதாவது அதன் இரும்பு உடல், முழுவதும் மைனஸ் முனையோடு தொடுத்தே இருக்கிறது. ஆகவே பிளஸ் முனையைத் தொட்டபடி இருக்கும் ஸ்பானர் பொடியில் எங்கே பட்டாலும் பற்றரி நேரடியாக ஷோர்ட் ஆகும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, அது துள்ளித் திரும்பிப் படாதவாறு சீலையால் சுற்றி ஒதுக்கிவிட்டால், அதன் பிறகு பிளஸ் முனையில் வேலை செய்யும்போது ஸ்பானர் பொடியில் தட்டினாலும் ஒன்றும் நடக்காது. பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

இது ஒரு நொடியில் கற்ற பாடம். மற்றதைக் கற்கப் பத்து வாரம் எடுத்தது.

கழற்றிய பற்றரியை விறாந்தையில் வைத்தேன். சீமெந்துத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டு ஐயா ஒரு பலகையைக் கொண்டுவந்து தந்தார். அது பழைய மரப்பெட்டிப் பற்றரிகளின் காலத்து எச்சரிக்கை. இன்றைய பிளாஸ்ரிக் கூட்டுக்குத் தரையால் தீங்கில்லை. தீங்கு வெப்பத்தால் வந்தது. வயரே இல்லாமல் சும்மா இருந்தாலும் ஈயப் பற்றரி தனக்குள்ளேயே மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும். வெப்பம் 10 பாகை கூடினால் அந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். பிற்பகல் வெயில் நேரே விழும் மேற்குப் பக்கத்து விறாந்தையில் அதை வைத்துவிட்டு, கழற்றிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நான் இருந்துவிட்டேன். கழற்றும்போதே பற்றரி முழுச் சார்ஜில் இருக்கவில்லை என்பதையும் அளந்து பார்க்கவில்லை.

ஆவணியில் வான் ஆயத்தமானபோது மீற்றர் 11.4 வோல்ற் காட்டியது. ஓய்வில் இருக்கும் நல்ல பற்றரி 12.6 காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே இறங்கும்போதே சார்ஜ் செய்துவிட வேண்டும். இறங்கிய நிலையில் நாள்கணக்காகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்றுப் பளிங்குகள் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அவை முழுவதும் கரைவதில்லை. மெதுவாக ஒரு நாள் முழுவதும் சார்ஜ் போட்டேன். மாலையில் 12.6 காட்டியது, விடியும்போது 12.1. ஸ்ராற்றரைச் சுற்றக்கூட அதற்கு வலு இருக்கவில்லை. ஒன்றரை வயதே ஆன பற்றரியை நான்தான் கொன்றேன்.

புதியதை அப்படி விடவில்லை. 2020 மார்ச் ஊரடங்கிலும், 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற மாதங்களிலும் மைனஸ் வயரைக் கழற்றி, மாதம் ஒரு முறை அளந்து, சார்ஜரால் நிரப்பி வைத்தேன். நீர் குறைந்தால் பற்றரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர்) மட்டுமே. எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் இருக்கும் உப்பு தகட்டுக்கு நஞ்சு. சார்ஜ் போடும் முன் தகடு மூடுமளவு மட்டும் விட்டு, சார்ஜ் ஏறிய பின்னரே கோட்டளவுக்கு நிரப்ப வேண்டும், இல்லையேல் பொங்கி வழியும். கடற்காற்றில் முனைகளில் பூக்கும் வெள்ளைத் தூளை அப்பச்சோடா கலந்த சுடுநீரால் கழுவித் துடைத்து, வயரைப் பூட்டிய பின் வசலின் பூசுகிறேன்.

*கின்னியாவிலிருந்து ஒருவர்:*

அண்ணன் எழுதிய வரிசை சரிதான். பிரியஸ் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 12 வோல்ற் பற்றரி பின்பக்க டிக்கியில் இருக்கிறது. அந்தக் கதவின் பூட்டோ மின்சாரத்தால் திறப்பது. வெளியூர் போகும் முன் பற்றரியைக் கழற்றிவிட்டு டிக்கியை அடித்துச் சாத்தினேன். இரண்டு வாரத்தின் பின் அது திறக்கவில்லை. சாவிக்குள் இருக்கும் சிறு இரும்புச் சாவியால் சாரதிக் கதவைத் திறந்து, பொனற்றைத் தூக்கி, பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியின் கீழ் இருக்கும் பிளஸ் முனையை அடையாளம் கண்டேன். ஆனால் டிக்கிக்குள் மைனஸ் கழன்றிருந்ததால், அந்த முனைக்கும் பொடிக்கும் வேறொரு பற்றரியைக் கொடுத்த பிறகே பூட்டு விட்டது.

*உப்புவெளியிலிருந்து:*

நன்றி தம்பி. உங்கள் பற்றரி வாகனத்துக்குள்ளேயே இருப்பதால் அதன் வாயுக் குழாயை மறக்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஐதரசனை அந்தச் சிறிய குழாய்தான் வெளியே கொண்டுபோகிறது. பற்றரி மாற்றும்போது அதைத் திரும்ப மாட்டாமல் விட்டால் வாயு டிக்கிக்குள்ளேயே தேங்கும். சார்ஜரின் கிளிப்புகளை மாட்டிய பிறகு சுவிட்சைப் போடுவதும், சுவிட்சை நிறுத்திய பிறகு கிளிப்புகளைக் கழற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான். அந்த வாயுவுக்கு ஒரு பொறி போதும்.