உதவி தேவை: செய்திகளை இணைக்கும் நிரல் கோழியையும் கோழியையும் சேர்க்க மாட்டேன் என்கிறது

உட்லண்ட்ஸ் வாசகி:
வணக்கம். 2022 ஜூன் 1இல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கும். அதற்கு முந்தைய ஆண்டு சிங்கப்பூரில் நாம் இறக்குமதி செய்த கோழியில் ஏறக்குறைய 34 விழுக்காடு அங்கிருந்துதான் வந்தது. "உக்ரேன் போருக்கும் நம்ம கோழிச்சோத்துக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று என் மகள் கேட்டாள். அதைச் செய்திகளை வைத்தே காட்ட ஆசைப்பட்டு, அந்த ஆண்டின் தமிழ்ச் செய்திகள் நானூறு வரை சேர்த்துப் பைத்தானில் ஒரு நிரல் எழுதினேன். சொற்களுக்கு எடை போட்டு, கொசைன் ஒப்புமை (இரண்டு செய்திகளின் சொற்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) பார்க்கிறது. ஆனால் போர்ச் செய்தியைக் குடமுழுக்குச் செய்தியோடு சேர்க்கிறது. தலைப்பிலேயே 'கோழி' உள்ள இரண்டு செய்திகளைச் சேர்க்கவில்லை. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பீஷான்காரன்:
அக்கா, அந்த இரண்டு தலைப்புகளிலும் 'கோழி'யின் நீளத்தை நிரலிலேயே எண்ணிப் பாருங்கள். 4, 5 என்று வந்தால் சிக்கல் அங்கேதான். 'கோ'வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. முதலில் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றுங்கள். அப்புறம் 'அமைச்சர்', 'தெரிவித்தார்', 'சிங்கப்பூர்' போல எங்கும் வரும் சொற்களின் எடையைக் குறையுங்கள். குடமுழுக்கு ஒட்டிக்கொண்டது அவற்றால்தான் இருக்கும்.

உட்லண்ட்ஸ் வாசகி:
4, 5 என்றேதான் வந்தது தம்பி! மாற்றியதும் கோழிகள் சேர்ந்துவிட்டன, மிக்க நன்றி. 'உக்ரேன்', 'உக்ரைன்' இரண்டையும் ஒன்றாக்கினேன். 'இல்' போன்ற வேற்றுமை உருபுகளை வெட்டியபோது மட்டும் 'கோவில்' வெறும் 'கோவ' ஆகிவிட்டது. அதற்கு விலக்குப் பட்டியல் போட்டேன். இப்போது கோழிச் செய்திகள் ஒரு குவியல், போர்ச் செய்திகள் இன்னொரு குவியல். நடுவில் பாலம் இல்லை.

தேக்கா நண்பர்:
வராது அம்மா. ஒப்புமை வேறு, தொடர்பு வேறு. நீங்கள் தேட வேண்டியது சங்கிலி. கணினி ஆய்வாளர்கள் தாஃப்னா ஷஹாஃப், கார்லோஸ் கெஸ்ட்ரின் இருவரும் 2010இல் இதற்கென்றே ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். முதல் செய்தியையும் கடைசிச் செய்தியையும் கொடுத்தால் நடுவில் உள்ளவற்றை நிரல் தேடும். சங்கிலியின் மதிப்பு அதன் மிக பலவீனமான கண்ணியின் மதிப்புதான். சராசரி எடுத்தால் நடுவில் ஒரு பொருந்தாத செய்தி ஒளிந்துகொள்ளும். இன்னொன்று, கண்ணிக்குக் கண்ணி புதுச் சொல்லாக மாறிக்கொண்டே போனால் கதை எங்கோ அலையும். ஆகவே சில சொற்கள் மட்டுமே தொடர்ந்து வர வேண்டும் என்று கட்டுப்படுத்துங்கள். ஒரு செய்தியில் 'மக்காச்சோளம்' என்ற சொல்லே இல்லாவிட்டாலும், 'தீவனம்' வழியாக அதன் செல்வாக்கு அங்கே எட்டும். செய்தியிலிருந்து சொல்லுக்கு, சொல்லிலிருந்து வேறு செய்திக்கு என்று வலைப்பின்னலில் நடந்து பார்த்து அதை அளக்கலாம்.

உட்லண்ட்ஸ் வாசகி:
வந்துவிட்டது ஐயா! போர், தானிய விலை, தீவனம், ஏற்றுமதித் தடை, கோழிச்சோறு. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் தீவனம் பற்றி என்னிடம் ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஓட்டினால் சங்கிலி அறுந்துபோகிறது. சனிக்கிழமை விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்குப் போய் அந்த மாதங்களின் செய்தித்தாள்களைத் தேடப் போகிறேன்.