2–0, 3–0 என்று முன்னிலையில் இருந்தும் வட கரோலினா தோற்றது எப்படி? (அமெரிக்க மகளிர் கல்லூரிக் கால்பந்து)

நடுக்களம் (கேள்வி)

வட கரோலினா பல்கலைக்கழக மகளிர் அணியின் 2022, 2023 சீசன் முடிவுகளைப் பற்றிப் பேச வேண்டும். 2022 டிசம்பர் 5, கேரி நகரில் யூசிஎல்ஏவுக்கு (லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) எதிரான தேசிய இறுதிப் போட்டி. 80-ஆவது நிமிடம் வரை 2–0 முன்னிலை. அப்போது ஒரு கோல் வாங்கினார்கள். கடிகாரத்தில் 16 விநாடி மீதி இருக்கும்போது கார்னரிலிருந்து வந்த தலையடியில் 2–2. கூடுதல் நேரத்தில், 107-ஆவது நிமிடத்தில் 3–2 என்று கோப்பை போய்விட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 24, யூட்டா மாநிலத்தின் புரோவோவில், அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான பிரிகம் யங் அணியோடு கால் இறுதி. இடைவேளையில் 3–0 முன்னிலை, முடிவில் 4–3 தோல்வி.

எங்கே பேசினாலும் "ஸ்டாமினா போய்விட்டது" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். கல்லூரி விதிப்படி மாற்று வீராங்கனைகளைத் தாராளமாக இறக்கலாம், அந்த அணியின் பெஞ்சும் வலுவானது. அப்படி இருக்கும்போது ஸ்டாமினா மட்டும் எப்படிக் காரணம் ஆகும்? ஆட்ட முறையில் ஓட்டை எங்கே இருந்தது? ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சி தருபவர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

எண்ஆறு

முதலில் சப்ஸ்டிட்யூஷன் விதி. அந்த சீசன்களில் முதல் பாதியில் வெளியே போனவர் அதே பாதியில் திரும்ப முடியாது. இரண்டாம் பாதியில் ஒரு முறை மட்டும் திரும்பி வரலாம். பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸின் முழு ஆட்டமும் இந்த விதியின் மேல் கட்டியதுதான். அவர் பேர்போன 3-4-3 அமைப்பு (பின்வரிசையில் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர்), எதிரணி கோல்கீப்பர் பந்தைத் தொட்ட உடனே ஹை பிரஸ் (அவர்கள் பாதியிலேயே பாய்ந்து நெருக்குவது), முன்வரிசை களைத்தால் கொத்தாக மாற்றிப் புதுக் கால்களை இறக்குவது. சீசன் முழுக்க எதிரணிகளை மூச்சு முட்ட வைக்கிற முறை.

இந்த முறையில் ஆடும் எந்த அணிக்கும் ஒரே இடத்தில்தான் சிக்கல் வரும். முன்னால் ஓடுகிற மூவரை மாற்றுவது எளிது. நடுக்களத்தின் மைய இருவரையும் பின்வரிசை மூவரையும் மாற்றப் பயிற்சியாளர்கள் தயங்குவார்கள், காரணம் புரிந்துணர்வு கெட்டுவிடும் என்ற பயம். ஆகவே 75-ஆவது நிமிடத்தில் முன்வரிசை புதிதாக இறங்கிப் பாய்ந்து பிரஸ் செய்யும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பின்வரிசை, முதுகுக்குப் பின்னால் பந்து விழுமோ என்று பத்தடி பின்வாங்கி நிற்கும். அணி இரண்டாகப் பிளக்கிறது. எதிரணி ஒரே ஒரு பாஸில் முதல் வரிசையைத் தாண்டிவிட்டால், நடுவில் அவர்களுக்குத் திறந்த வெளி. 3-4-3-இல் விங்பேக் (நடுவரிசையின் இரு ஓரங்களில் ஆடுபவர்கள்) இருவரும் ஏறி நிற்பதால், பக்கவாட்டுக்குப் பந்தை மாற்றியதும் மூன்று டிஃபென்டர்களும் அகலமாக விரிய வேண்டிவரும்.

வீடியோவில் இதை நீங்களே அளக்கலாம். எதிரணியின் சென்டர்பேக் பந்தைத் தொடும் கணத்தில் படத்தை நிறுத்துங்கள். உங்கள் முன்னணி ஸ்ட்ரைக்கருக்கும் கடைசி டிஃபென்டருக்கும் இடையே எவ்வளவு தூரம்? பெனால்டி பெட்டியின் ஆழம் 16.5 மீட்டர், அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டி ஆழம், அதாவது சுமார் 33 மீட்டர் இருந்தால் பிரஸ் வேலை செய்யும். மூன்று பெட்டியை நெருங்கினால் முன்வரிசை ஓடுவது வீண். 15 நிமிடத்துக்கு ஒரு முறை இப்படி ஐந்து படம் எடுத்துக் குறித்துவையுங்கள். எந்த நிமிடத்தில் அணி பிளக்கிறது என்பது துல்லியமாகத் தெரிந்துவிடும்.

என் கணிப்பு: அந்த இரண்டு தோல்விகளுக்கும் வேர் ஒன்றுதான். முன்னிலை பெற்ற பிறகு ஆடுவதற்கென்று வேறொரு ஆட்டம் அவர்களிடம் இல்லை. 0–0-இல் ஆடியதையே 2–0-இலும் ஆடினார்கள்.

கார்னர்கொடி

எண்ஆறு சொன்னதோடு கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலகக் கோப்பை பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் மைதானக் கடிகாரம் 45:00-இலிருந்து கீழே இறங்கும். இஞ்சுரி டைம் கிடையாது. ஹார்ன் அடித்த பிறகு பந்து கோட்டைத் தாண்டினால் கோல் இல்லை. அதனால்தான் "16 விநாடி மீதி" என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிறது.

இதன் விளைவு பெரியது. பந்து த்ரோவுக்கு வெளியே போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கடைசி இரண்டு நிமிடத்தில் எதிரணியின் கார்னர் கொடி அருகே பந்தை வைத்து உடலால் மறைத்து ஒரு த்ரோ வாங்கினால், பதினைந்து இருபது விநாடி நிஜமாகவே கழியும். ஆனால் முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் ஆள் மாற்றினால் கடிகாரத்தை நிறுத்துவார்கள். ஆள் மாற்றி நேரம் கடத்தும் தந்திரம் இங்கே பலிக்காது.

கார்னருக்கு வருவோம். கடைசி நிமிடத்தில் முன்னிலை அணிகள் செய்வது என்ன? பதினொரு பேரையும் பெட்டிக்குள் இழுத்துவிடுகிறார்கள். பாதுகாப்பாகத் தோன்றும், உண்மையில் ஆபத்து கூடுகிறது. எதிரணியின் எல்லாரும் பயமில்லாமல் ஏறி வரலாம், அடித்து வெளியேற்றும் பந்து நேராக அவர்கள் காலுக்கே திரும்பும், கூட்டத்தில் கோல்கீப்பருக்கு வெளியே வர வழி இருக்காது. வேகமான ஒருவரை நடுக்கோட்டில் விட்டுப் பாருங்கள், எதிரணி பெரும்பாலும் இருவரைப் பின்னால் வைத்தாக வேண்டும். பெட்டிக்குள் கணக்கு உங்களுக்குச் சாதகம்.

மீதிப் பேரை நிறுத்த நான் பரிந்துரைப்பது இது. அருகிலுள்ள போஸ்ட்டில் ஒருவர். ஆறு கெஜப் பெட்டியின் கோட்டில் தலையடியில் வல்ல நால்வர், மண்டலக் காவலாக (ஆளைத் தொடராமல் தங்கள் இடத்தைக் காப்பவர்களாக). எதிரணியில் தலையடி ஆபத்தானவர்கள் மூவர் என்றால் அவர்களின் ஓட்டத்தைத் தடுக்க மூவர். பெட்டி விளிம்பில் செகண்ட் பாலுக்கு (முதல் மோதலில் தெறித்து வரும் பந்துக்கு) ஒருவர். நடுக்கோட்டில் ஒருவர். கோல்கீப்பரோடு பதினொன்று. இதில் பெரும்பாலும் கைவிடப்படுவது பெட்டி விளிம்பு, கடைசி நேரத்துக் கோல்களில் நிறைய அங்கிருந்துதான் பிறக்கின்றன.

எல்லாவற்றுக்கும் முன்னால், கார்னரே கொடுக்காதீர்கள். பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் பந்தைப் பின்கோட்டுக்குத் தள்ளாமல் பக்கக் கோட்டுக்கு வெளியே உதைக்க வேண்டும். த்ரோவையும் கார்னரையும் ஒன்றாக நினைக்கும் ஃபுல்பேக்கைக் கடைசி பத்து நிமிடத்தில் அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது.

நடுக்களம்

மிக்க நன்றி. புரோவோ ஆட்டத்துக்கு உயரத்தைக் காரணம் காட்டுகிறார்களே, அது எவ்வளவு தூரம் சரி? அட்டவணை நெருக்கடியும் உண்டுதானே?

சுமைக்கணக்கு

புரோவோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரம். ஒரே ஒரு ஸ்பிரின்ட்டில் வித்தியாசம் தெரியாது. இரண்டு ஸ்பிரின்ட்டுக்கு நடுவில் மூச்சு திரும்ப ஆகும் நேரம்தான் நீளும். அடுத்தடுத்துப் பாய வேண்டிய ஹை பிரஸ்தான் முதலில் அடிபடும். வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சாப்பல் ஹில் தாழ்வான ஊர். ஆனால் உயரம் வரப்போவது முன்பே தெரிந்த விஷயம்! 3–0-க்குப் பிறகு பிரஸ் தொடங்கும் இடத்தை நடுவட்டத்துக்கு இறக்கியிருந்தால் அதே உயரம் இவ்வளவு உறைத்திருக்காது. எனவே உயரம் துணைக் காரணம் மட்டுமே.

அட்டவணைதான் எனக்குப் பெரிய கவலை, அதுவும் கால் வலியைவிடப் பயிற்சி நேரத்துக்காக. சீசன் ஆகஸ்ட் பாதிக்கு மேல் தொடங்கும். வழக்கமான வாரத்தில் வியாழன் ஓர் ஆட்டம், ஞாயிறு ஓர் ஆட்டம். வெள்ளி மீட்பு, சனி லேசான நடை ஒத்திகை, திங்கள் பெரும்பாலும் கட்டாய ஓய்வு நாள். புதன் மறுநாள் ஆட்டத்துக்காகக் குறைத்தே ஓட வேண்டும். முழு வேகத்தில் ஒன்றைக் கற்றுத்தர மிஞ்சுவது செவ்வாய் மட்டும்! 64 அணி தேசியத் தொடரில் இன்னும் மோசம், இரண்டாம் மூன்றாம் சுற்றுகள் வெள்ளி, ஞாயிறு என்று அடுத்தடுத்து வரும். நவம்பரில் புதிதாக எதையும் சொல்லித்தர முடியாது.

முன்னிலையைக் காக்கும் ஆட்டத்தை வசந்தகாலப் பயிற்சியிலேயே ஊன்ற வேண்டும், ஆகஸ்டில் மெருகேற்ற வேண்டும். செப்டம்பரில் 3–0 என்று எளிதாக வெல்லும் ஆட்டங்களின் கடைசி 20 நிமிடத்தை அதற்கான ஒத்திகையாக்க வேண்டும். பெரும்பாலான பயிற்சியாளர்கள் அந்த 20 நிமிடத்தை பெஞ்சில் உள்ளவர்களுக்கு வாய்ப்புத் தருவதோடு விட்டுவிடுகிறார்கள்.

எண்ஆறு

செவ்வாய்ப் பயிற்சிக்கு ஒரு வடிவம் தருகிறேன். முழு மைதானம், 11-க்கு 11. பலகையில் 1–0, கடிகாரம் 12:00-இலிருந்து இறங்கட்டும். முன்னிலை அணி 5-3-2-க்கு மாற வேண்டும், விங்பேக் இருவரும் பின்வரிசையோடு சேர்வார்கள். 5-4-1 வேண்டாம். தனி ஸ்ட்ரைக்கர் பந்தைப் பிடித்து வைக்க முடியாது, ஒவ்வொரு கிளியரன்ஸும் உடனே திரும்பி வரும். பிரஸ் தொடங்குவது நடுக்கோட்டில். விதிவிலக்கு ஒன்றுதான்: எதிராளி தன் கோலைப் பார்த்துத் திரும்பி நின்று பந்தை வாங்கினால் பாயலாம். பந்து கிடைத்த பிறகு முதல் பாஸ் முன்னோக்கி இருக்கக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோ போகட்டும். தொடர்ந்து எட்டு பாஸ் போட்டால் கடிகாரத்திலிருந்து கூடுதலாக 30 விநாடி கழித்துவிடுங்கள், வீராங்கனைகள் பந்தை வைத்திருக்கத் தானாகவே கற்றுக்கொள்வார்கள். 1:00 மீதி இருக்கும்போது தாக்கும் அணிக்கு ஒரு கார்னர் இலவசம். பிறகு அணிகளை மாற்றி இன்னொரு சுற்று. இரண்டு சுற்று போதும், மூன்றாவது வைத்தால் வியாழன் கால்கள் கனக்கும்.

ஆள் மாற்றும்போது முன்வரிசையை மட்டும் கொத்தாக மாற்றாமல் செங்குத்தாக மாற்றுங்கள்: இடது ஸ்ட்ரைக்கர், அவருக்குப் பின்னால் இருக்கும் மிட்ஃபீல்டர், இருவரும் ஒன்றாக. பாய்கிறவருக்குப் பின்னால் வருபவரும் புதுக் காலோடு இருப்பார், இடைவெளி விரியாது. இரண்டாம் பாதியில் ஒரு முறைதான் திரும்பலாம் என்பதால் மைய மிட்ஃபீல்டரை 58-ஆவது நிமிடம் எடுத்து 72-இல் திரும்ப இறக்குவது நல்ல கணக்கு. அதற்குப் பிறகு அவரை எடுத்தால் அந்தப் பாதியில் அவ்வளவுதான்.

2024 ஆகஸ்டில் டோரன்ஸ் ஓய்வு பெற்றார். டேமன் நஹாஸ் பொறுப்பேற்றதும் அணி பந்தை வைத்து ஆடும் பக்கம் நகர்ந்தது. அந்த டிசம்பரில் அதே கேரியில் வேக் ஃபாரஸ்டை 1–0 என வென்று 2012-க்குப் பிறகு முதல் பட்டம். ஒரே ஒரு கோல் முன்னிலையை இறுதி ஹார்ன் வரை காத்தார்கள். அந்த இறுதிப் போட்டியின் கடைசி 15 நிமிடத்தையும் 2022-இன் கடைசி 15 நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே சொன்ன பெட்டி ஆழக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கார்னர்கொடி

5-3-2 சரி. ஆனால் கார்னர் தடுக்கும்போது அந்த இரண்டு ஸ்ட்ரைக்கரையும் மேலே விடச் சொல்லாதீர்கள், ஒருவர் போதும். இன்னொருவர் பெட்டி விளிம்பில் செகண்ட் பாலுக்கு நிற்கட்டும். பந்து வெளியே வந்தால் அங்கிருந்து முதல் ஓட்டம் அவருடையது.