ஸ்பிட்ஃபயர் மார்க் 3: முன் சஸ்பென்ஷனையும் சேஸிஸையும் உறுதிப்படுத்த எங்கிருந்து தொடங்க வேண்டும்?

ஆளூர்க்காரன் (கேள்வி):
அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என்னிடம் 1968ஆம் ஆண்டு டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் கடற்கரைக்கு மிக அருகில், ஓலைக் கொட்டகையில் பல ஆண்டுகள் நின்ற வண்டி. நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம் போகும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால், ஸ்டீயரிங் கையில் உதறுவதோடு, முன் கண்ணாடிச் சட்டமும் கதவும் தனித்தனியாக அசைவது கண்ணுக்கே தெரிகிறது. முன்பு ஒரு பட்டறையில் சேஸிஸின், அதாவது அடிச்சட்டத்தின், முன் ரெயிலின் (நீளவாக்கில் ஓடும் பெட்டிக் குழாயின்) மேல் 6 மி.மீ. தகடு வைத்து ஆர்க் வெல்டிங் செய்து கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் அந்தத் தகடு முடிகிற இடத்திலேயே ரெயிலில் விரிசல் கண்டுவிட்டது. இப்போது ரெயில் முழுவதும் தகடு வைத்து, கடினமான ஸ்பிரிங் போட்டு, முன் ஸ்பிரிங்குகளின் மேல்முனையைத் தாங்கும் இரண்டு சஸ்பென்ஷன் கோபுரங்களையும் ஒரு கம்பியால் இணைக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த வரிசையில் செய்வது, தகடு எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பார்வதிபுரம் லேத்:
தம்பி, தகட்டின் கனத்தைப் பற்றிய கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சேஸிஸ் முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் தகட்டின் கனத்தால் அல்ல, பெட்டி மூடியிருப்பதால். 75 மி.மீ. சதுரமும் 2 மி.மீ. தகடும் உள்ள ஒரு பெட்டிக் குழாயை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதன் நீளவாக்கில் ஒரே ஒரு பிளவு விழுந்தாலே முறுக்கைத் தாங்கும் திறன் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதே குழாயை மூடியபடியே வைத்துத் தகட்டை 4 மி.மீ. ஆக்கினால் கிடைப்பதோ இரண்டு மடங்குதான். உப்புக் காற்றில் நின்ற வண்டியில் ரெயிலின் அடித் தையல் (தகடுகள் சேரும் பற்று) துருவேறிப் பிரிந்திருந்தால், மேலே எத்தனை தகடு ஒட்டினாலும் அது திறந்த பெட்டிதான். எனவே பெயின்ட்டையும் தாரையும் முழுவதும் சுரண்டி, அடித் தையலைச் சுத்தியல் முனையால் தட்டிப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு காரின் சேஸிஸைக் குறுக்கி, அதன் பக்கக் கைகளை நீக்கி, 1962இல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கைகள் செய்த வேலையைக் கதவுக்குக் கீழே உள்ள ஸில் பெட்டிகள்தாம் ஏற்றுக்கொண்டன. நம் ஊரில் ஹெரால்டு பழகிய கை, பாடியை வெறும் மூடி என்றே நினைக்கும். ஸ்பிட்ஃபயரில் ஸில் போனால் வண்டியின் முதுகெலும்பிலேயே பாதி போனதாகும். கதவு இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து குறித்துக்கொண்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி மறுபடியும் அளந்து பாருங்கள். ஸில்லை வெட்டுவதற்கு முன், கதவு வாசலின் குறுக்கே தற்காலிகக் கம்பி பற்றவைத்து, பாடியைச் சேஸிஸில் பூட்டிய நிலையிலேயே வேலை செய்ய வேண்டும். இல்லையென்றால் வளைந்த நிலையிலேயே வண்டி உறைந்துவிடும், பிறகு கதவு என்றைக்கும் சேராது.

விரிசலுக்குக் காரணம், 6 மி.மீ. தகடு சட்டென்று முடிந்து மெல்லிய தகடு தொடங்குவதுதான். வளைவு முழுவதும் அந்த ஒரு கோட்டில் கூடுகிறது. ரெயிலின் கனத்துக்கு நெருங்கிய தகட்டை எடுத்து, முனையை மீன் வால் போல வெட்டி, ரெயிலின் குறுக்கே நேர்கோட்டில் பற்று விழாதபடி, விட்டுவிட்டு மிக் வெல்டிங் செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், சீட்டுக்குப் பின்னால் உள்ள பெட்ரோல் டாங்கை இறக்கிவிடுங்கள். துருவுக்கு எண்ணெய் அடிப்பதெல்லாம் வெல்டிங் முடிந்து ஆறிய பிறகுதான்.

குளச்சல் கரை:
அண்ணாச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் கையில் தெரியும் உதறலுக்குச் சேஸிஸ் மட்டும் காரணமாக இருக்காது. ஸ்டீயரிங் ரேக்கை, அதாவது ஸ்டீயரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பல்தண்டுப் பெட்டியை, யு வடிவ போல்ட்டால் ரப்பரின் மேல் பிடித்திருப்பார்கள். ரப்பர் நைந்தால் ரேக்கே பக்கவாட்டில் நகரும். ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் ரேக்கைப் பாருங்கள். லேத்தில் அலுமினியத்தில் கடைந்த கட்டைகளை அந்த ரப்பருக்குப் பதிலாக வைத்தால் அந்த அசைவு நின்றுவிடும்.

அதைவிட முக்கியமானது ட்ரன்னியன். முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கையின் அடி மரை, ட்ரன்னியன் என்ற இந்த வெண்கலக் கட்டைக்குள் திரும்பித்தான் சக்கரம் வளைகிறது. அதற்கு கிரீஸ் அல்ல, ஈ.பி. 90 கியர் ஆயில்தான் இட வேண்டும். கிரீஸ் மரையின் அடி வரை இறங்காது. அங்கே தண்ணீர் தங்கித் துருப் பிடித்து, ஒரு நாள் கை முறிந்து சக்கரம் வெளியே மடிந்துவிடும். கொட்டகையில் நின்ற வண்டி என்றால் இரண்டையும் கழற்றிப் பாராமல் சாலையில் இறக்காதீர்கள். லோட்டஸ் எலான் என்ற ஸ்போர்ட்ஸ் காரே இந்த டிரையம்ப் கையை வாங்கிப் பயன்படுத்தியது. வடிவமைப்பில் குறையில்லை, பராமரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது.

வடசேரி வாசகன்:
ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. கடினமான ஸ்பிரிங், குழியின் அடியைத் தான் வாங்காமல் நேராகச் சேஸிஸுக்குக் கடத்திவிடும். சேஸிஸ் தேறாத நிலையில் அதைப் போடுவது நோயாளியின் தலையில் மூட்டை ஏற்றுவதாகும். முதலில் முன் ஆன்டி ரோல் பாரை (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை) மட்டும் சற்றுத் தடித்ததாக மாற்றிப் பாருங்கள். மார்க் 3 வரை பின் சக்கரம் வளைவில் உள்ளே மடங்கும் குணம் கொண்டது, 1970இல் மார்க் 4 வந்தபோதுதான் பின் ஸ்பிரிங்கை மாற்றி அதை அடக்கினார்கள். முன்பக்கச் சாய்வைக் குறைத்தால் பின்பக்கத்தின் சுமையும் ஓரளவு குறைகிறது. கோபுரங்களை இணைக்கும் கம்பி கடைசி வேலை. அதை நேராக வையுங்கள், இன்ஜினுக்காக வளைத்தால் அந்த வளைவே ஸ்பிரிங் போல ஆடும்.

ஆளூர்க்காரன்:
அனைவருக்கும் நன்றி. ஞாயிறன்று பார்த்தேன். ஜாக்கியில் தூக்கியதும் ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் இடைவெளி 5 மி.மீ. குறைந்தது. இடது ரெயிலின் அடித் தையல் ஒரு சாண் நீளத்துக்குப் பிரிந்திருக்கிறது, பழைய 6 மி.மீ. தகட்டுக்கு நேர் கீழே. ட்ரன்னியனுக்குள் காய்ந்த கிரீஸ்தான் இருந்தது. புதிதாக இரண்டு வாங்கியிருக்கிறேன். பூட்டும்போது எவ்வளவு முறுக்க வேண்டும்?

குளச்சல் கரை:
இடமும் வலமும் எதிரெதிர் மரை, மாற்றி ஏற்றிவிடாதீர்கள். முழுவதும் முறுக்கி, பிறகு கீழ்க் கையின் போல்ட் ஓட்டைகள் நேராகும் வரை ஒரு சுற்றுக்குள்ளாகவே பின்னோக்கித் திருப்புங்கள். அடி வரை இறுகியபடி விட்டால் சக்கரம் முழு வளைவுக்குத் திரும்பும்போது மரை முட்டும். பூட்டிய பிறகு இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்துவிட்டு, எண்ணெய் பிதுங்கி வெளியே வரும் வரை கன்னால் ஏற்றுங்கள்.