இழை: இம்யூட்டபிள் இயங்குதளத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

நிரல்நெசவு எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். திறமூல மேசைக்கணினி நிறுவி ஒன்றின் தமிழ்ச் சரங்களை (திரையில் தெரியும் வாசகங்களை) முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமையோடு ஸ்ட்ரிங் ஃப்ரீஸ், அதற்குப் பின் சரங்களைத் தொட முடியாது. மூன்று சொற்கள் பாக்கி: இம்யூட்டபிள் (மாற்ற முடியாதது), அட்டாமிக் அப்டேட் (முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காத அப்டேட்), ரோல்பேக் (முந்தைய நிலைக்குத் திரும்புதல்).

சூழலைச் சொல்லிவிடுகிறேன். முதல் திரையிலேயே வழக்கமான பதிப்பா, இம்யூட்டபிள் பதிப்பா என்று நிறுவி கேட்கும். இரண்டாவதில், நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவு முழுக்க வாசிக்க மட்டும். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராகவே உள்ளே போனாலும் அதில் ஒரு கோப்பை நேரடியாகத் திருத்த முடியாது. அப்டேட் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைத் தொடாமல் பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டி வைக்கும். ரீபூட் செய்தால் புதியதற்குள் போவோம். சரிப்படவில்லை என்றால் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.

பழைய சொற்கோப்பில் யாரோ 'மாறிலி' என்று போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஒட்டவில்லை.

பழம்பதி எழுதியது:

ஒட்டாது அம்மா. மாறி, மாறிலி இரண்டும் கணக்குப் பாடத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இயங்குதளத்தை மாறிலி என்றால் பிள்ளைகள் அதன் மதிப்பு என்ன என்று கேட்பார்கள்.

'மாறா' போதும். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். மாறா இயங்குதளம். பின்னால் வல்லினம் வந்தால் மிகும்: மாறாப் பதிப்பு, மாறாக் கோப்பு, மாறாத் தளம். செல்லாக் காசு, தீராப் பகை போல.

இன்னும் கூர்மை வேண்டும் என்றால், மாறு தன்வினை, மாற்று பிறவினை. இந்தத் தளம் தானாக மாறாதது என்பதைவிட, பிறரால் மாற்ற இயலாதது என்பதே பொருள். ஆகவே 'மாற்றொணா' இயங்குதளம். மாற்ற ஒண்ணாத என்பதன் செறிவு. இந்த ஒண்ணா, 'ஒன்று' என்னும் வேரிலிருந்து வந்ததா, 'ஒல்' என்னும் வேரிலிருந்து வந்ததா என்பதில் எனக்கும் என் நண்பருக்கும் நெடுநாள் வழக்கு. ஒல்லுதல் என்றால் இயலுதல், பொருந்துதல். பொருந்தாதவர் ஒல்லார், ஒன்னார், அதாவது பகைவர். அப்படிப் பார்த்தால் மாற்றொணா என்பதற்குள்ளேயே மாற்றத்தோடு ஒரு பகை இருக்கிறது. விரிவாக நாளை எழுதுகிறேன்.

சர்வர்மணி எழுதியது:

> விரிவாக நாளை எழுதுகிறேன்

ஐயா, வெள்ளிக்குள் முடியுமா?

மாற்றொணா என்று திரையில் போட்டால் என் அலுவலகத்துப் பையன்கள் ஓணான் என்றுதான் படிப்பார்கள். 'இம்யூட்டபிள்' என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டுப் போகலாமே. பஸ், டிக்கெட் எல்லாம் அப்படித்தானே வந்தன?

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாம் மொழிபெயர்க்கிற ஆங்கிலச் சொல்லே ஆட்டம் கண்டு கிடக்கிறது. ஃபெடோரா லினக்ஸ்காரர்கள் 2018-இல் இந்த வகைப் பதிப்பை சில்வர்புளூ என்று கொண்டுவந்தார்கள். அப்புறம் கேடிஈ மேசையோடு கினோயிட், அதற்குப் பின் இன்னும் இரண்டு. 2024-இல் இந்தக் குடும்பத்துக்கு மொத்தமாகப் பெயர் வைத்தபோது 'அட்டாமிக்' என்றார்களே ஒழிய 'இம்யூட்டபிள்' என்று வைக்கவில்லை. காரணத்தையும் சொன்னார்கள்: இது உண்மையில் மாறாதது இல்லை, சுற்று வழியில் மாற்றலாம், இதன் உயிர் அப்டேட்டும் ரோல்பேக்கும் நடக்கும் விதத்தில் இருக்கிறது என்று.

உள்ளே பாருங்கள். ஓடும்போது மாறும் தரவு இருக்கும் வார் அடைவு எப்போதும்போல எழுதக்கூடியது. அமைவுகள் இருக்கும் எட்சி அடைவில் நீங்கள் செய்த திருத்தத்தைப் புதுப் பதிப்பின் எட்சியோடு ஒப்பிட்டு இணைத்துக்கொள்ளும். ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ என்கிற கருவி மூலம் மேலே ஒரு பொதியை (பேக்கேஜை) அடுக்காகப் போடவும் செய்யலாம். மாறாதது என்று யூஎஸ்ஆர் ஒன்றைத்தான் சொல்ல முடியும், அதுவும் ஒவ்வொரு அப்டேட்டிலும் முழுசாக மாறுகிறது. இதற்கு 'மாறா' என்று பெயர் வைத்தால் பொய்.

உண்மையான இம்யூட்டபிள் வேண்டும் என்றால் கோப்பின் பண்புகளை மாற்றும் சாட்டர் கட்டளையில் ஐ கொடி இருக்கிறதே, ஈஎக்ஸ்டி2 என்ற பழைய கோப்பமைப்பின் காலத்திலிருந்து. அதைப் போட்ட கோப்பை ரூட்டே அழிக்க முடியாது, கொடியை இறக்கினால்தான் ஆகும். மாற்றொணாவை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, பொருத்தமாக இருக்கும்.

வடலி எழுதியது:

வணக்கம். முதலில் ஒரு சிறு குறிப்பு. இலங்கையில் எங்கட பாடநூல்களில் இயங்குதளம் 'பணிசெயல் முறைமை'. இயங்குதளம் என்றால் எங்கட பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள், ஆனால் பரீட்சையில் எழுத மாட்டார்கள்.

இம்யூட்டபிளுக்கு 'பூட்டிய' என்று வைத்தால் என்ன? பயனர் காண்பது அதைத்தானே. ஒரு கோப்பைத் திறந்து திருத்திச் சேமிக்கப் போனால் 'வாசிக்க மட்டும்' என்று வழு வருகுது. பூட்டிய பணிசெயல் முறைமை.

சர்வர்மணி எழுதியது:

பூட்டு வேண்டவே வேண்டாம். போன் கம்பெனிக்காரன் இயங்குதளத்தைத் தொடக்கும் பூட்லோடரைப் பூட்டி வைக்கிறான், அதுதான் பூட்டு. சாவி அவனிடம். இங்கே சாவி நம்மிடம். ஸ்டீம்டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வருகிற ஸ்டீம்ஓஎஸ் 3-ஐப் பாருங்கள். ஆர்ச் லினக்ஸ் மேல் கட்டியது, ரூட் பகிர்வு (வட்டில் இயங்குதளம் இருக்கும் பாகம்) வாசிக்க மட்டும். ஒரே கட்டளையில் அதை எழுதக்கூடியதாக மாற்றிக்கொள்ளலாம். ஆர்ச்சின் நிறுவு கருவியான பேக்மேனில் ஆசைப்பட்டதை நிறுவலாம். அடுத்த அப்டேட் வரும்போது நிறுவியதெல்லாம் போய்விடும், அது வேறு கதை. ஆனால் யாரும் பூட்டவில்லை. கட்டற்ற மென்பொருளுக்குப் போய் 'பூட்டிய' என்று பெயர் வைத்தால் இந்தக் குழுவில் பாதிப் பேர் விலகிவிடுவார்கள், நான் முதலில்.

நிரல்நெசவு எழுதியது:

மணி அண்ணா சொன்ன அட்டாமிக் பக்கம் போய்ப் பார்க்கலாம். அதற்கு என்ன சொல்? அப்டேட்டுக்கு இற்றைப்படுத்தல் என்பதால் 'அணு இற்றைப்படுத்தல்' என்று எழுதிப் பார்த்தேன். கூடங்குளத்தில் ஏதோ வேலை நடப்பது போல இருக்கிறது.

பழம்பதி எழுதியது:

அணு வேண்டாம். தமிழில் அணு என்றவுடன் சிறுமைதான் மனத்துக்கு வரும், நீங்கள் சொல்வதோ பிரிபடாமை. அதற்கு நம்மிடம் சொல் ஆயத்தமாக இருக்கிறது: பகா. பதவியலில் பகுபதம், பகாப்பதம் படித்திருப்பீர்கள். மேலும் பகுத்தால் பொருள் தராதது பகாப்பதம். கணக்கில் பகா எண். அதே போலப் பகா இற்றை. பாதி நடந்து பாதி நிற்க முடியாத இற்றை.

சர்வர்மணி எழுதியது:

ஐயா, இதை ஒத்துக்கொள்கிறேன், மனசாரச் சொல்கிறேன். ஏனென்றால் நடப்பது அதுதான். பழைய முறையில் நானூறு பொதிகளை ஒவ்வொன்றாக ஓடுகிற அமைப்பின் மேலேயே எழுதுவோம். இருநூறாவதில் கரண்ட் போனால் பாதி புதுசு, பாதி பழசு. அடிப்படை நூலகமான ஜிலிப்சி ஒரு பதிப்பில், அதை நம்பியிருக்கும் நிரல் இன்னொரு பதிப்பில். இரவு இரண்டு மணிக்கு லைவ் யூஎஸ்பி போட்டு உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த அருமை தெரியும்.

சில்வர்புளூவுக்கு அடியில் இருக்கும் ஓஎஸ்ட்ரீ, ஏறக்குறைய நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் போல. கோப்பின் உள்ளடக்கத்தை ஹாஷ் (கைரேகை போன்ற ஓர் அடையாளம்) போட்டு ஒரே களஞ்சியத்தில் வைக்கும். புது அமைப்பில் மாறாத கோப்புகளை மறுபடி எழுதாது, அதே கோப்புக்கு இன்னொரு பெயராக ஹார்ட்லிங்க் மட்டும் போடும். அதனால் இரண்டு அமைப்பு பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் இடம் இரண்டு மடங்கு ஆகாது. எல்லாம் தயாரான பிறகு கடைசியாக பூட் பதிவை மட்டும் மாற்றும். அந்தக் கடைசி அடி ஒன்றுதான். நடந்தால் புதுசு, நடக்காவிட்டால் பழசு, நடுவில் ஏதும் இல்லை. ஓப்பன்சுசேயின் மைக்ரோஓஎஸ் இதையே பிடிஆர்எஃப்எஸ் கோப்பமைப்பின் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலையின் பதிவு) வைத்துச் செய்கிறது. ஆண்ட்ராய்டு 7 முதல், 2016-இலிருந்து, ஏ, பி என்று இரட்டைப் பகிர்வு. நிக்ஸ்ஓஎஸ் என்கிற லினக்ஸ் தனி மதம், அதைத் தொட்டால் இந்த இழை தீபாவளி வரை போகும்.

வடலி எழுதியது:

பகா நல்ல சொல்தான். ஆனால் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை பகா இற்றை என்றால் 2, 3, 5, 7 ஆம் திகதிகளில் வாற இற்றை என்று நினைக்கும்.

ரோல்பேக்குக்கு ஒன்று தோன்றியது. அப்டேட் இற்றைப்படுத்தல் என்றால், ரோல்பேக் 'அற்றைப்படுத்தல்' ஆகலாமே. இற்றை என்றால் இந்நாளைய, அற்றை என்றால் அந்நாளைய.

பழம்பதி எழுதியது:

அடடா. இதற்காகவே இந்தக் குழுவில் இருக்கிறேன். பாரி மகளிர் அற்றைத் திங்கள், இற்றைத் திங்கள் என்று பாடியது நினைவுக்கு வந்துவிட்டது. அற்றைத் திங்களில் அவர்களுக்குத் தந்தையும் இருந்தார், குன்றும் இருந்தது. இற்றைத் திங்களில் இரண்டும் இல்லை. இற்றைப்படுத்தினால் உள்ளதும் போகும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்காது.

சர்வர்மணி எழுதியது:

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பயனர் நிலையை நினைத்துப் பாருங்கள். அப்டேட் போட்டார், வைஃபை வரவில்லை, பதறிப்போய் இருக்கிறார். திரையில் 'அற்றைப்படுத்தவா?' என்று கேட்டால் இருப்பதும் அற்றுப்போகும் என்று மிரண்டு ரத்து பொத்தானைத்தான் அமுக்குவார். ஏற்கெனவே இற்றையைப் பார்த்துவிட்டு இற்றுப்போன கயிறா என்று கேட்டவர்கள் உண்டு. பழைய நிலைக்குத் திரும்பு. முடிந்தது.

வடலி எழுதியது:

பயனர் பதறும் இடத்தில் எளிய சொல், கையேட்டில் கலைச்சொல் என்று இரண்டாகப் பிரிக்கலாம். கருனி (கெர்னல்) கையேட்டில் இருக்குது, பொத்தானில் இல்லைத்தானே.

நிரல்நெசவு எழுதியது:

நாளை வெள்ளி. எனக்குப் புரிந்தவரை நிலவரம் இது. ரோல்பேக் பொத்தானில் 'பழைய நிலைக்குத் திரும்பு'. அட்டாமிக் அப்டேட்டுக்குக் கையேட்டில் 'பகா இற்றைப்படுத்தல்', பக்கத்திலேயே 'முழுமையாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காது' என்று ஒரு வரி. இம்யூட்டபிளுக்கு ஐயாவின் 'மாறா'தான் பெரும்பான்மை. மணி அண்ணா எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது.

ஆனால் போட்டுப் பார்க்கும்போது ஒரு சிக்கல். நிறுவி இந்தப் பெயரடையைத் தனிச் சரமாக வைத்திருக்கிறது. பின்னால் 'பதிப்பு', 'தளம்', 'இயங்குதளம்', 'கோப்பமைப்பு' எது வேண்டுமானாலும் ஓடும்போது வந்து ஒட்டும். 'மாறா பதிப்பு', 'மாறா தளம்' என்று ஒற்று இல்லாமல் விழுகிறது. 'மாறாப்' என்று போட்டால் 'மாறாப் இயங்குதளம்'. அதனால் 'மாறாத' என்று போட்டுவிட்டேன். மாறாத பதிப்பு, மாறாத இயங்குதளம், எங்கேயும் ஒற்று மிகாது.

பழம்பதி எழுதியது:

நிரலின் சோம்பலுக்காக எச்சத்துக்கு ஈறு ஒட்டவைத்திருக்கிறீர்கள். பிழை இல்லை, ஆனால் ஒப்பவில்லை. என் மறுப்பையும் மணியுடையதற்குக் கீழே பதிந்துகொள்ளுங்கள். தமிழில் இரண்டு சொல்லை ஒட்டினால் நடுவில் ஓர் எழுத்து முளைக்கும் என்று நிரல் எழுதியவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

நிரல்நெசவு எழுதியது:

வழுப் பதிவு போட்டிருக்கிறேன் ஐயா. ஒவ்வொரு சேர்க்கையையும் முழுச் சரமாகக் கேட்டிருக்கிறேன். வந்த பதில்: அடுத்த வெளியீட்டில் பார்க்கலாம். மாறாதவோடு அனுப்பிவிட்டேன்.

வடலி எழுதியது:

நல்லது. இலங்கைத் தமிழுக்கு ஜிலிப்சியில் தனி லொகேல் (மொழி, நாட்டு அமைவு) இருக்குது. அதில் 'மாற்றமுடியாத பணிசெயல் முறைமை' என்று போடப்போகிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லவும்.

சர்வர்மணி எழுதியது:

இருக்கிறது.