"தமிழ் – 2": டாஷ்போர்டு பயிற்சியில் பட்ட அனுபவங்கள்

பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து:

எங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் தரவையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து டாஷ்போர்டு போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வருகைப்பதிவு, இன்டர்னல் மார்க், ஃபீஸ் பாக்கி, ஸ்காலர்ஷிப், ஹாஸ்டல் எல்லாம் ஒரு கிளிக்கில் வந்துவிடும். இதைப் பொறுப்பாகக் கையாள்வது எப்படி என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் கம்ப்யூட்டர் பிரிவுக்காரன், வாத்தியார் இல்லை. ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆபீசில் மலையாளம், வீட்டில் தமிழ், எக்செல்லில் இங்கிலீஷ் என்று காலம் ஓடுகிறது.

முதல் பேட்சில் முப்பது பேர். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று ஸ்லைடில் சிவப்பு எழுத்தில் போட்டிருந்தேன். பயந்துவிடுவார்கள் என்று நினைப்பு. பின் வரிசையிலிருந்து ஒரு சேச்சி, "சாரே, இது என் சம்பளத்துலயா பிடிப்பாங்க?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. 250 கோடி யாருக்கும் உறைக்கிற தொகை இல்லை. 250 ரூபாய் என்றிருந்தால் ஒருவேளை உறைத்திருக்கும். அப்புறம் சாயா வந்தது, பழம்பொரி வந்தது, பாதிப் பேர் நழுவிவிட்டார்கள். 18 வயது நிறையாதவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தை, நம்முடைய முதலாண்டுப் பிள்ளைகள் பலர் அந்தக் கணக்கில்தான் வருவார்கள் என்று சொன்னபோது மட்டும் இரண்டு மூன்று டீச்சர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இரண்டாவது பேட்சில் நான் செய்த தப்பைத்தான் இங்கே சொல்ல வந்தேன். சட்டம் வேண்டாம், நிஜ டாஷ்போர்டையே காட்டிவிடலாம் என்று திரையில் ஒரு துறையின் முதலாண்டைத் திறந்தேன். பெயர் இல்லை, ரோல் நம்பர் இல்லை, வெறும் எண்ணிக்கைதானே என்று தைரியம். தாய்மொழி வாரியாகப் பிரித்த அட்டவணை: மலையாளம் 58, தமிழ் 2, மொத்தம் 60. பக்கத்து நிரல்களில் ஃபீஸ் பாக்கி, ரிஸ்க், அதாவது படிப்பில் பின்தங்கும் அபாயம் உள்ளவர்கள். தமிழ் வரிசையில் பாக்கி 2, ரிஸ்க் 2.

லேப் அசிஸ்டென்ட் ஒருவர், நல்ல மனுஷர், வாய்விட்டே சொல்லிவிட்டார்: "ஏனுங்க, அதுல ஒண்ணு எங்க தங்கச்சி மகளாச்சே?" பக்கத்திலிருந்தவர் விடாமல், "இன்னொண்ணு அந்த வேலந்தாவளத்துப் பையன்." பத்து செகண்ட் ஆகியிருக்காது. பெயரே இல்லாத அட்டவணையிலிருந்து இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ் பாக்கியும் படிப்பு நிலையும் முப்பது பேருக்குத் தெரிந்துவிட்டது. காட்டியவன் நான், அதுவும் பொறுப்பாகக் கையாள்வது எப்படி என்ற வகுப்பில்.

புரொஜெக்டரை அணைத்தேன். அந்த அசிஸ்டென்ட் ஒன்றும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை வீட்டில் ஃபீஸ் கட்டவில்லை என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். சாயங்காலம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லீங்க" என்றார். பரவாயில்லை என்று அவர் முகம் சொல்லவில்லை.

எல்லையோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. சென்னையில் ஒரு காலேஜில் 'தமிழ்' என்று பிரித்தால் கூட்டம் வரும், இங்கே இரண்டு ஆள் வரும். பின்கோடும் அப்படித்தான். 678 என்று தொடங்குகிற பட்டியலில் ஒரே ஒரு 642 இருந்தால் அது பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். லதான்யா ஸ்வீனி என்கிற கணினி அறிஞர் அமெரிக்கக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட மதிப்பீடு ஒன்று உண்டு: பின்கோடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்ற மூன்று மட்டும் இருந்தால் போதும், அந்நாட்டில் 87 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காணலாம் என்று. நமக்குப் பிறந்த தேதிகூடத் தேவைப்படவில்லை.

அதற்கப்புறம் பத்துக்குக் கீழே வருகிற எண்ணையெல்லாம் நட்சத்திரக் குறியாக மாற்றினோம். பெருமையாக அடுத்த பேட்சில் காட்டினேன். கணக்குப் பிரிவு கிளார்க் ஒருவர், பென்சிலைக்கூட எடுக்காமல் கேட்டார்: "மொத்தம் 60 இருக்கு. மலையாளம் 58 இருக்கு. நட்சத்திரம் யாருக்கு சார்?" ஒரு கட்டத்தை மறைத்தால் கூடவே இன்னொன்றையோ மொத்தத்தையோ மறைக்க வேண்டும். திங்கட்கிழமை அறிக்கைக்கும் புதன்கிழமை அறிக்கைக்கும் நடுவில் ஒரே ஒருவர் லேட் அட்மிஷன் வாங்கியிருந்தால், இரண்டையும் கழித்துப் பார்த்தாலே அவர் கதை வந்துவிடும். இதையும் அந்தக் கிளார்க்தான் கண்டுபிடித்தார். இப்போது அவர் எனக்கு உதவிப் பயிற்சியாளர்.

உங்கள் பக்கம் எப்படி? சொல்லுங்கள்.

செங்கோட்டையிலிருந்து:

சார், நான் தினமும் மலை இறங்கிக் கொல்லம் ஜில்லாவில் ஒரு காலேஜுக்குப் போய்க் கணக்குப் பாடம் எடுக்கிறவள். எங்களுக்கு மறைக்கிற பிரச்சினை இல்லை, கலர் பிரச்சினை. மாணவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விளக்கு எரியும். சிவப்பு என்றால் படிப்பில் பின்தங்கும் அபாயம்.

புதிதாகச் சேர்ந்த மென்டர் ஒருவர், ரொம்ப ஆர்வம். பயிற்சி முடிந்த மறுநாளே சிவப்பு எரிகிற வீடுகளுக்கெல்லாம் போன் போட்டுவிட்டார். நம்ம பக்கத்துப் பெண் ஒருத்தியின் அப்பாவிடம், "உங்க பொண்ணு ரெட்ல இருக்கா" என்று சொல்லியிருக்கிறார், அவருக்குத் தெரிந்த தமிழில். அப்பா லாரி ஓட்டுகிறவர். அவருக்கு ரெட் என்றால் நிறுத்து என்றுதான் அர்த்தம். நிறுத்திவிட்டார். திங்கட்கிழமை அந்தப் பெண் வரவில்லை.

என்ன விஷயம் என்று பார்த்தால், ஆரியங்காவு பக்கம் லாரி வரிசை நின்றால் அவள் வருகிற பஸ் பத்து நிமிஷம் தாமதம். முதல் பீரியடில் பெயர் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் அப்படி. இன்டர்னலில் அவள் வகுப்பில் நாலாவது. சிஸ்டத்துக்கு பஸ் தெரியாது, 75 சதவீத வருகைதான் தெரியும். நான் போன் பண்ணிப் பேசி, அவள் அம்மாவிடம் பேசி, எட்டு நாள் கழித்து வந்தாள். எல்லாருக்கும் எட்டு நாளில் முடியாது.

இந்த விளக்கு வைக்கிற யோசனையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம், கோர்ஸ் சிக்னல்ஸ் என்று பெயர். அந்த விளக்கு வைத்த பாடங்களை இரண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்கள் படிப்பை விடாமல் தொடர்ந்தார்கள் என்று பெரிதாகப் பேசினார்கள். 2013இல் சிலர் அதைக் கிளறிப் பார்த்துக் கேட்டார்கள்: படிப்பைத் தொடர்ந்தவர்களுக்குத்தானே இரண்டாவது பாடம் எடுக்கிற வாய்ப்பே வரும்? பயிற்சியில் நான் இதை நம் பஸ்ஸை வைத்துச் சொல்வேன். புனலூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து கொல்லத்துக்கு இன்னொன்று. கொல்லத்தில் இறங்குகிறவன் பையில் இரண்டு டிக்கெட் இருக்கும். இரண்டு டிக்கெட் இருந்ததால்தான் கொல்லம் போய்ச் சேர்ந்தான் என்று சொல்வீர்களா? இதைச் சொன்னால் கண்டக்டருக்குக்கூடப் புரியும், எங்கள் நிர்வாகத்துக்கு ஏனோ நேரம் பிடிக்கிறது.

இப்போது என் வகுப்பில் ஸ்லைடு குறைவு. ஆளுக்கொரு சிவப்புப் பெயர், கற்பனைப் பெயர்தான், கொடுத்து எதிரில் இருப்பவருக்கு போன் பண்ணச் சொல்வேன். ரெட், ரிஸ்க், சிஸ்டம் என்ற மூன்று வார்த்தையும் வரக்கூடாது. "பாப்பா காலைல எத்தனை மணிக்குக் கிளம்புது?" என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் கைதட்டுவேன். முதலில் யாராலும் முடியாது. இங்கே இருபது வருஷ அனுபவம் உள்ளவர்களே "ஹலோ, உங்க பையன் சிஸ்டத்துல…" என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

நகரியிலிருந்து:

ஆந்திராவில் எங்கள் பக்கம் தலைவலியே பெயர்தான். ஃபாரத்தில் சர்நேம் கட்டாயம். தெலுங்குக்காரர்களுக்கு இண்டி பேரு, அதாவது குடும்பப் பெயர், இருக்கிறது, முன்னால் போட்டுவிடுவார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பா பெயரின் இனிஷியல்தான். கே. செல்வி என்று ஒருத்தி வந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்மிஷனில் சர்நேம் இடத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். ஃபீஸ் கவுன்டரில் 'கே' என்று அடிப்பார்கள். ஹாஸ்டலில் அப்பாவின் முழுப் பெயரைப் போட்டுவிடுவார்கள். கணினிக்கு மூன்று செல்வி. ஒருத்தி வகுப்புக்கு வருகிறாள், ஃபீஸ் கட்டவில்லை. ஒருத்தி ஃபீஸ் கட்டினாள், வகுப்பில் கால் வைக்கவில்லை. மூன்றாமவள் ஹாஸ்டலில் சாப்பிடுகிறாள், எந்தக் கோர்ஸிலும் இல்லை.

போன வருஷம் இப்படி ஒரு பதிவை டேட்டா என்ட்ரி தம்பி ஒருவர் 'டூப்ளிகேட்' என்று அழித்தார். அழித்தது ஃபீஸ் கட்டிய பதிவை. ஹால் டிக்கெட் வரவில்லை என்று அந்தப் பெண் ஜன்னலில் நின்று அழுதபோது தம்பியும் கூட அழாத குறை. "அண்ணா, சிஸ்டம் மஞ்சள்ல காட்டுச்சு, அழிச்சேன்" என்றான். அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பயிற்சிக்கு எச்.ஓ.டி.க்களையும் செக்ஷன் ஆபீசர்களையும் கூப்பிட்டோம், கீபோர்டில் கை வைக்கிற பையனைக் கூப்பிடவே இல்லை. பாதிப் பேருக்கு மேல் ஒப்பந்த ஆட்கள், "அவங்களுக்கு எதுக்கு சர்டிபிகேட்" என்றுவிட்டார்கள். இந்த வருஷம் முதல் பேட்சே அவர்கள்தான். நிச்சயமாகத் தெரியாத பதிவை அழிக்காதே, கொடி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் கேள் என்பது ஒன்றுதான் அரை நாள் பாடம்.

கம்பம் பக்கத்திலிருந்து, ஓய்வு பெற்றவர்:

நீங்கள் எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் குமுளிக்கு மேலே ஒரு காலேஜில் சூப்பரின்டென்டாக இருந்தேன். ஆபீஸ் முழுக்க ஒரே லாகின். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஸ்டிக்கரில். யார் பார்த்தார்கள், யார் மாற்றினார்கள் என்று கேட்டால் எல்லாப் பாவமும் 'அட்மின்' தலையில். பயிற்சிக்கு வந்த பையன் இரண்டு மணி நேரம் பேசினான், ஸ்டிக்கர் அவன் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. முதலில் அதைக் கிழியுங்கள். மீதியை அப்புறம் பேசலாம்.

மறுபடி பாலக்காட்டுக் கிழக்கிலிருந்து:

ஐயா, எங்கள் ஆபீசில் ஸ்டிக்கர் இல்லை, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எடுத்தாயிற்று. இப்போது ஆளுக்கொரு லாகின், யார் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்று பதிவாகிறது.

விட்டுப்போன ஒன்று: எக்ஸ்போர்ட். டாஷ்போர்டில் எத்தனை பூட்டுப் போட்டாலும் எக்செல்லாக இறக்கி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் முடிந்தது. ஒரு டீச்சர் ரொம்பக் கவனமாகப் பெயர்ப் பட்டியல் இருந்த ஷீட்டை நீக்கிவிட்டு, அந்தப் பட்டியலை எண்ணிக்கையாகச் சுருக்கிக் காட்டுகிற பிவட் டேபிளை மட்டும் அனுப்பியிருந்தார். அவரையே கூப்பிட்டு ஒரு எண்ணின் மேல் டபுள் கிளிக் பண்ணச் சொன்னேன். புது ஷீட் திறந்து அத்தனை பெயரும் போன் நம்பரோடு வந்து நின்றது. மூலத் தரவின் ஒரு நகலை பிவட் தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. "நான் அழிச்சேனே!" என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் எத்தனை சொல்லியிருந்தாலும் அந்த ஒரு கிளிக்குக்கு ஈடாகாது.

பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது. 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்து காவல்துறை, தகவல் கேட்டு வந்த ஒரு மனுவுக்கு எக்செல் ஃபைலைப் பதிலாகக் கொடுத்தது. அதில் மறைந்திருந்த ஷீட்டில் 9,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் குடும்பப் பெயரும் இனிஷியலும் பணியிடமும் இருந்தன. அங்கே போலீஸ் வேலை பார்ப்பதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. 7,50,000 பவுண்டு அபராதம். ஸ்லைடில் இதைப் போட்டால் இப்போது யாரும் சிரிப்பதில்லை, டபுள் கிளிக்கைப் பார்த்த பிறகு காட்டுவதால்.

கடைசி அரை மணி நேரத்தில் ஒவ்வொருவருக்கும் அவரவர் பயோமெட்ரிக் வருகைப்பதிவை, அவரவர் ஸ்கிரீனில் மட்டும், மாணவர் பக்கம் போலவே கலர் போட்டுக் காட்டுகிறேன். போன பேட்சில் ஒரு சீனியர் பேராசிரியர், காலையிலிருந்து "பிள்ளைகள் ஏமாத்துறாங்க, எண் பொய் சொல்லாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், தன் ஸ்கிரீனைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக, "இந்த மூணு நாளும் அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனேன். அது இதுல எங்க இருக்கு?" என்றார். எங்கேயும் இல்லை. டிசைனர்களிடம் சொல்லி, சிவப்புக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

செங்கோட்டை டீச்சர், உங்கள் போன் பயிற்சியை அடுத்த செவ்வாய்க்கிழமை பேட்சில் செய்துபார்க்கப் போகிறேன், அனுமதி உண்டுதானே? பதிலுக்கு, கற்பனைப் பெயர்களை வைத்து நானும் அந்தக் கிளார்க்கும் தயாரித்த பயிற்சித் தரவு ஒன்று இருக்கிறது. 60 பேர், அதில் தமிழ் 2. வேண்டுபவர்கள் ஆபீஸ் மெயிலில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம்.