ஜேபிஜேவுக்கு ஆன்சனைக் கொடுத்தது யார்?

சுத்தியல் தொண்டன்:
நேற்று செப்டம்பர் 30. சிங்கப்பூர் எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே.பி. ஜெயரத்தினம் (ஜேபிஜே) 2008-ல் காலமான நாள். நினைவுத் திரியில் நாலு பேர் நல்லபடியாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கணக்குப்பிள்ளை வந்து, "1981 ஆன்சன் தொகுதி இடைத்தேர்தலில் ஜெயித்தது ஜெயரத்தினம் இல்லை, பிளேர் பிளெயின் வீடுகள். கோபத்தில் விழுந்த ஓட்டு, ஆளைப் பார்த்து விழுந்தது இல்லை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மனிதரின் நினைவு நாளில் எழுதுகிற எழுத்தா இது? அங்கே சண்டை வேண்டாம் என்றுதான் தனித்திரி.

நான் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியில் அவரோடு வேலை செய்தவன். பதவி கிடையாது. துண்டறிக்கை கொடுப்பேன், ஒலிபெருக்கி தூக்குவேன். 1972-ல் ஃபேரர் பார்க், 1976-ல் கம்போங் சாய் சீ, 1977-ல் ராடின் மாஸ் இடைத்தேர்தல், 1979-லும் 1980-லும் தெலுக் பிளாங்கா. ஐந்தும் தோல்வி. அதற்குள் 1976 பிரசாரப் பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் இயூ போட்ட அவதூறு வழக்கிலும் தோற்று, பெருந்தொகை கட்ட வேண்டி வந்தது. 1980-ல் மனைவியும் தவறிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் சட்டப் புத்தகத்தோடு ஒதுங்கியிருப்பார். இவர் மறுவருஷம் ஆறாவது முறையாக நின்றார். கோட்டும் டையுமாக, அந்தக் கிருதாவும் கனத்த குரலுமாக மாடி மாடியாக ஏறினார். மின்தூக்கி நிற்காத மாடிக்கும் நடந்து போவார், இளவட்டங்கள் நாங்கள் மூச்சு வாங்குவோம். அந்த ஓட்டை "கோபத்தில் விழுந்தது" என்று ஒரே வரியில் கழித்துவிட ஒருவருக்கு மனசு வருகிறது.

கணக்குப்பிள்ளை:
பழைய தொண்டருக்கு வணக்கம். கண்ணீர் வேறு, கணக்கு வேறு.
ஜெயரத்தினம் 7,012. ஆளும் மக்கள் செயல் கட்சியின் (மசெக) பாங் கிம் ஹின் 6,359. மூன்றாவதாக நின்ற ஹர்பன்ஸ் சிங் 131. வித்தியாசம் 653.
பத்து மாதத்துக்கு முன்னால், 1980 டிசம்பரில், அதே ஆன்சனில் மசெகவின் தேவன் நாயர் எண்பது சதவீதத்துக்கு மேல் வாங்கினார். அவர் அதிபரானதால்தான் இடைத்தேர்தலே வந்தது. இடையில் என்ன நடந்தது? பிளேர் பிளெயினில் குடியிருந்த துறைமுக ஊழியர்களை, கொள்கலன் வளாகம் கட்ட வேண்டும், வீட்டைக் காலி செய்யுங்கள் என்றார்கள். மாற்று வீடு கைக்கு வரவில்லை. பேருந்துக் கட்டணமும் ஏறியது. அங்கே யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள். மாடி ஏறிய கதையெல்லாம் தோற்ற ஐந்து தொகுதியிலும் நடந்ததுதானே?

சுத்தியல் தொண்டன்:
யார் நின்றிருந்தாலுமா? ஹர்பன்ஸ் சிங்கும் நின்றாரே. கோபம் ஏன் அவருக்கு 131 மட்டும் கொடுத்தது? உங்கள் கணக்கையே நீங்கள் படிப்பதில்லை.
ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிளேர் பிளெயினில் எத்தனை ஓட்டு? எண்ணைச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
653-ஐப் புரட்ட எத்தனை வேண்டுமோ அத்தனை.

சுத்தியல் தொண்டன்:
இதுதான் உங்கள் கணக்கா? எண்ணைக் கேட்டால் எண் இல்லை.

வலிகாமத்தான்:
இருவரும் சண்டையை நிறுத்துங்கோ. ஜெயரத்தினம் ஐயா பிறந்தது எங்கட சங்கானையில், 1926 சனவரி 5. யாழ்ப்பாணத்து மண்ணின் ஓர்மம் அது. அதாலதான் அஞ்சு முறை விழுந்தும் எழும்பினவர். இதையும் ஒருக்கா எழுதினால் என்ன?

சுத்தியல் தொண்டன்:
ஐயா, பிறந்தது சங்கானைதான், மறுக்கவில்லை. வளர்ந்தது மலாயாவில், ஜொகூரில். சட்டம் படித்தது லண்டனில். மாஜிஸ்டிரேட், மாவட்ட நீதிபதி, உச்சநீதிமன்றப் பதிவாளர் என்று உத்தியோகம் பார்த்தது சிங்கப்பூரில். 1963-ல் அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு வந்தவர். சாதி, ஊர் பார்த்து அவர் ஓட்டுக் கேட்டதே இல்லை. ஆன்சனில் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தயவுசெய்து ஊர்ப்பெருமையைத் தூக்கி இதில் போடாதீர்கள்.

வலிகாமத்தான்:
பெருமைப்படுறதுக்கும் உங்களிட்ட உத்தரவு வாங்க வேணுமோ? போன வருஷம் எஸ். ராஜரத்தினம் பற்றிய திரியிலும் இதையேதான் சொன்னீங்கள். அவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்தான்.

தமிழ் வாத்தியார்:
எல்லாரும் புகழுங்கள், புகழுங்கள். 1995-ல் 'தி ஹேமர்' கட்சிப் பத்திரிகையின் தமிழ்ப் பகுதியில், தமிழ் மொழி வாரம் நடத்தியவர்களைப் பற்றி என்ன எழுதினார்கள் என்று யாராவது சொல்வீர்களா? மொழிக்காகச் சொந்த நேரத்தைக் கொடுத்தவர்களை ஆட்சிக்கு வால்பிடிப்பவர்கள் என்கிற மாதிரி ஏசினார்கள். பத்திரிகைக்கு ஆசிரியர் யார்? ஜெயரத்தினம். அவதூறு வழக்கு வந்தது, தோற்றார். தமிழர் தலைவர் என்கிறீர்களே, தமிழுக்குச் செய்தது இதுதான்.

சுத்தியல் தொண்டன்:
வாத்தியார் ஐயா, தமிழர் தலைவர் என்று நான் எங்கே எழுதினேன்? மேலே போய்ப் படியுங்கள்.

கட்டுரையை எழுதியவர் வேறு ஒருவர். ஆசிரியர் என்ற முறையில் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது, அவரும் அதிலிருந்து ஓடவில்லை. அந்த இழப்பீட்டில் ஒரு தவணை தவறியதால் 2001-ல் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டார். தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவி (தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக ஓட்டு வாங்கியவருக்குக் கிடைப்பது) அதோடு போயிற்று. வழக்கறிஞர் தொழிலும் போயிற்று. 75 வயசு மனிதர். ஒரு கட்டுரைக்கு அவ்வளவு விலை கொடுத்தவரை இன்னமும் திட்ட மிச்சம் இருக்கிறதா?

அதற்கப்புறம் அவர் தெருவில் நின்று தன் புத்தகத்தைத் தானே விற்றாரே, யாராவது வாங்கினீர்களா? நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வெயிலில் நிற்பார், உட்காரச் சொன்னால் கேட்க மாட்டார். தூரத்தில் அவரைக் கண்டதும் அந்தப் பக்க நடைபாதைக்கு மாறிப் போனவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்ம ஆட்களும்தான். சிலர் வாங்கியதும் அட்டை வெளியே தெரியாமல் பைக்குள் செருகிக்கொண்டு வேகமாக நடப்பார்கள். அவர் யாரையும் குறை சொன்னதில்லை, அடுத்தவருக்குக் குரல் கொடுப்பார்.

செங்காங் செல்வி:
எனக்கு இதெல்லாம் புதுசு. 1986-ல் பதவி எப்படிப் போச்சு, யாராவது சுருக்கமா சொல்றீங்களா? அவர் சிறைக்குப் போனது உண்மையா?

கணக்குப்பிள்ளை:
கட்சி நிதிக் கணக்கில் பொய் சொன்ன குற்றம். ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம். அப்போது 2,000 வெள்ளி அபராதமே பதவி போகப் போதுமாக இருந்தது. சுருக்கம் அவ்வளவுதான்.

சுத்தியல் தொண்டன்:
பாதியைச் சொல்லி மீதியை விழுங்குகிறார் பாருங்கள். செல்வி, மீதியை நான் சொல்கிறேன்.
தண்டனை கிடைத்தது அவருக்கும் கட்சித் தலைவர் வோங் ஹோங் தோய்க்கும். அதைக் காட்டி 1987-ல் ஜெயரத்தினத்தின் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நீக்கியதை எதிர்த்து, அப்போது சிங்கப்பூருக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1988-ல் தீர்ப்பு வந்தது. செய்யாத குற்றத்துக்காக இவர்கள் அபராதம் கட்டி, சிறைக்குப் போய், ஊரறிய அவமானப்பட்டிருக்கிறார்கள், இது கடும் அநீதி என்று பிரிவி கவுன்சில் எழுதி, தொழிலைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் குற்றத் தீர்ப்பை ரத்து செய்ய அதற்கு வழியில்லை. அதிபரிடம் மனு கொடுத்தார், நிராகரித்துவிட்டார்கள். தேர்தலில் நிற்க இருந்த தடை அப்படியே நின்றது. மறுவருஷமே அந்த மாதிரி வழக்குகள் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் பாதையை மூடினார்கள், 1994-ல் முழுக்கவே மூடினார்கள். இது சுருக்கத்தில் வராதா கணக்குப்பிள்ளை?

கணக்குப்பிள்ளை:
லீ குவான் இயூ வழக்கில் அதே பிரிவி கவுன்சில் இவருக்கு எதிராகத் தீர்த்ததே, அது உங்கள் சுருக்கத்தில் வருமா? ஜெயித்தால் பிரிவி கவுன்சில் தெய்வம், தோற்றால் பேச்சே இல்லை.
திரியின் தலைப்புக்கு வாருங்கள். 653. பிளேர் பிளெயின். இன்னும் பதில் இல்லை.

சுத்தியல் தொண்டன்:
பதில் 1984. அதே ஆன்சன், அதே ஆள், 56.8 சதவீதம். 51.9-லிருந்து ஏறியிருக்கிறது, இறங்கவில்லை. மூன்று வருஷம் நாடாளுமன்றத்தில் எழுபத்து நாலு பேருக்கு நடுவே ஒற்றை ஆளாக எழுந்து நின்று கேள்வி கேட்டதைப் பார்த்துவிட்டுப் போட்ட ஓட்டு அது. அப்போது எந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள்? சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
1984-ல் நாடு முழுக்கவே கோபம். பட்டதாரித் தாய்மாருக்குச் சலுகை, மத்திய சேமநிதியை எடுக்கும் வயதை ஏற்றும் யோசனை. மசெக ஓட்டு நாடெங்கும் ஏறக்குறைய 13 சதவீதம் சரிந்தது. ஆன்சனில் 5 ஏறியதில் என்ன அதிசயம்? நாட்டுக் கணக்கைவிடக் குறைவுதான்.

சுத்தியல் தொண்டன்:
நாடு முழுக்கக் கோபம் என்றால் 79 இடத்தில் இரண்டு மட்டும் ஏன் போனது? பொத்தோங் பாசிரில் சியாம் சீ தோங், ஆன்சனில் ஜேபிஜே. இரண்டு பேரும் வழக்கறிஞர்கள், இரண்டு பேரும் தோற்றுத் தோற்று நின்றவர்கள். ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு விழுந்தது. இதைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம், உங்களுக்கு முடியாது.
ஆளைப் பற்றிப் பயம் இல்லையென்றால் 1988 தேர்தலுக்கு முன்னால் ஆன்சன் என்ற தொகுதியையே ஏன் வரைபடத்தில் இல்லாமல் ஆக்கினார்கள்?

கணக்குப்பிள்ளை:
எல்லை மாற்றம் எல்லாத் தேர்தலிலும் நடப்பது. அப்போது வேறு தொகுதிகளும்தான் போயின.

தமிழ் வாத்தியார்:
ஆன்சன் ஆன்சன் என்கிறீர்களே, 1961 இடைத்தேர்தலில் அதே ஆன்சனில் அதே பாட்டாளிக் கட்சிக்காக டேவிட் மார்ஷல் ஜெயித்தார். அவரும் வழக்கறிஞர். அது எதிர்ப்பு ஓட்டுக்குப் பழகிய மண். இதை ஏன் யாரும் சொல்வதில்லை?

கணக்குப்பிள்ளை:
வாத்தியார் சொல்வது சரி. நன்றி.

சுத்தியல் தொண்டன்:
பழகிய மண்ணா? 1968-லிருந்து 1980 வரை ஒரு தேர்தலிலாவது அந்த மண் எதிர்க்கட்சிக்குக் கொடுத்ததா? நாலு பொதுத்தேர்தலிலும் நாட்டின் எல்லா இடமும் மசெகவுக்கே போனது. வாத்தியாருக்கு 1995 கட்டுரையின் கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபத்தில் இன்றைக்கு மார்ஷலைக் கூப்பிட்டு வந்திருக்கிறார்.

தமிழ் வாத்தியார்:
என் கோபத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். தமிழ் மொழி வாரக் குழுவில் வேலை செய்தவர்கள் என் நண்பர்கள். வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டுச் சனி ஞாயிறில் ஓடியவர்கள். அவர்கள் பெயரைக் கெடுத்த பத்திரிகைக்கு நான் மாலை போட மாட்டேன். அவர் பெரிய மனிதராகவே இருக்கட்டும்.

வலிகாமத்தான்:
வாத்தியார், மனுசன் போய்ச் சேர்ந்திட்டார். இன்னும் என்ன?

தமிழ் வாத்தியார்:
2008-ல் பிரதமர் லீ சியென் லூங் மகன்களுக்கு எழுதிய இரங்கல் கடிதத்திலேயே, ஆக்கபூர்வமான எதிர்க்கட்சியை வளர்க்க அவர் உதவவில்லை என்று இருந்ததே. நான் மட்டுமா சொல்கிறேன்?

சுத்தியல் தொண்டன்:
இரங்கல் கடிதத்தில் கணக்குத் தீர்ப்பது எந்த ஊர் வழக்கம்? சாவு வீட்டுக்குப் போய் யாராவது அப்படிப் பேசுவோமா? அந்தக் கடிதத்தை நீங்கள் சாட்சிக்கு எடுக்கிறீர்கள். திவால் நிலையிலிருந்து 2007-ல் வெளியே வந்து, 82 வயசில் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கி, மூன்று நாலு மாதத்தில் போனார். எண்பத்திரண்டில் புதுக் கட்சி! எந்தப் பிளேர் பிளெயின் அதைச் செய்யச் சொன்னது?

செங்காங் செல்வி:
அப்போ 2001-ல் பாட்டாளிக் கட்சியை விட்டு ஏன் போனார்? நீங்க உள்ளே இருந்தீங்களே அண்ணே.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், அதைச் சொல்லுங்கள். இழப்பீடு கட்டச் சொந்தக் கட்சியே உதவவில்லை என்ற மனக்கசப்போடு போனார். அப்போது நம் தொண்டர் எங்கே இருந்தார்?

சுத்தியல் தொண்டன்:
என்னால் ஆனதை நான் செய்தேன். அதை இங்கே எழுதிக் காட்ட மாட்டேன். அப்போது கட்சிச் செயலாளராக இருந்த லோ தியா கியாங்கையும் இழுக்காதீர்கள், கட்சி பிழைக்க வேண்டும் என்று அவர் நினைத்தார், அது தனிக்கதை. பேச்சை மாற்றாமல் பிளேர் பிளெயினில் எத்தனை ஓட்டு என்று சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
லோவைப் பற்றி நானா பேசினேன்? நீங்களேதான் இழுத்தீர்கள். சரி, 2001 கட்சிக் கணக்கையும் பார்த்துவிடலாம்.

வலிகாமத்தான்:
லோவின் பேச்சை எடுத்தால் நானும் சொல்ல வேண்டியது கொஞ்சம் கிடக்கு. இரவைக்கு வந்து எழுதுறன்.